இருபத்தேழாம் இலக்கக் கதவு

சிறீதரனின் கார்க் கதவை ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கதிர்காமநாதன்.

ஜெர்மனியில், சோஸ்ற்றிலிருந்து ஹம் நகருக்குப் போகிற சின்ன ரயில் அது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், மடிப்பு இருக்கையில், கதவை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்தபடி அவர் இருந்தார். பழைய கோல்ஃப் ஒன்றின் ஓட்டுநர் பக்கத்துக் கதவு. கண்ணாடி இல்லை, உள்பக்கத்து அட்டை இல்லை, வெறும் தகரம். வெளிப்பக்கத்தில் மஞ்சள் மையில் 27 என்ற இலக்கம். அதற்குக் கீழே தமிழில் ‘சிறி’. சிறீதரன் மனைவி பிரபாலினியின் கை எழுத்து. ரயில் குலுங்குந்தோறும் கதவின் அடிமடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்த களிமண் பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. அவர் குனிந்து பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

டிக்கெட் பார்க்க வந்த பெண் ஒரு கணம் நின்றுவிட்டாள்.

“இதற்கு சைக்கிள் டிக்கெட் கேட்க வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. மிச்சக் கார் எங்கே, அடுத்த ரயிலிலா?”

“மிச்சம் இரும்புக் கடைக்குப் போகிறது,” என்றார் கதிர்காமநாதன். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு டிக்கெட் கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போனாள்.

கதிர்காமநாதனிடம் கார் இல்லை. லைசென்சும் இல்லை. மூன்று முறை பரீட்சைக்குப் போய் மூன்று முறையும் தவறியவர். கடைசித் தடவை, ஒரு சந்தியில் தனக்குரிய முறை வந்த பிறகும் எல்லோரையும் போகவிட்டுக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ‘தனக்கு உரியதை எடுக்கப் பயப்படுகிற ஆளும் தெருவுக்கு ஆபத்துத்தான்’ என்று பரிசோதகர் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கதையைச் சிறீதரன் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான் என்று கணக்கில்லை. “கார் ஓட்டத் தெரியாத ஆள்தான் எங்களுக்குக் கொடி பிடிக்கிறார்” என்று முடிப்பான்.

அது உண்மை. ஸ்டொக் கார் ஓட்டத்தில் நாலாம் வளைவில் மஞ்சள் கொடியோடு நின்றவர் கதிர்காமநாதன். ஓட்டியவன் சிறீதரன்.

சிறீதரன் இந்த நாட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. அகதி முகாம் ஒரு கிராமத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருந்தது. அந்தக் காலத்தில் வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஹம்மில் மாமி முறையான ஒருவர் இருந்தும், அங்கே போய்ச் சோறு சாப்பிடுவதற்குக்கூட அலுவலகத்தில் அனுமதி எழுதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லைக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று சைக்கிளில் சுற்றிக்கொண்டு திரிந்தவன், ஒருநாள் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் கார்கள் சுற்றிச் சுற்றி ஓடுவதைக் கண்டான். கண்ணாடி இல்லாத, விளக்கு இல்லாத, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டிய பழைய கார்கள். ஒன்றையொன்று உரசிக்கொண்டு, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, ஒரு நீள்வட்டத்துக்குள் ஓடின.

“மாவட்டத்தை விட்டு வெளிய போகாமல் எவ்வளவு தூரமும் ஓடலாம். எனக்கெண்டே கண்டுபிடிச்ச விளையாட்டு, அண்ணை,” என்று பிறகு சொல்லுவான்.

முதலில் சக்கரம் கழற்றிக் கொடுத்தான். பிறகு எஞ்சின் பார்த்தான். விசா கிடைத்து, ஹம்முக்கு வந்து, கம்பித் தொழிற்சாலையில் வேலை எடுத்து, பிரபாலினியைக் கலியாணம் செய்து, மகள் மிதுசா பிறந்த பிறகு, ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு விவசாயியின் கொட்டகையில் நின்று தனக்கென்று ஒரு காரைக் கட்டினான். பிரபாலினி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆக்கள் ஓடுற காரை வாங்குவினம். இந்த மனிசன் ஓடாத காரை வாங்கி ஓட்டுறார்.” ஆனால் இலக்கம் எழுதத் தூரிகை எடுத்தவளும் அவள்தான். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் அதைப் புதிதாக எழுதினாள். ஓட்ட நாட்களில் கழகத்தின் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு மட்டன் ரோல்ஸ் விற்றாள். ஜெர்மன்காரர் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

கதிர்காமநாதன் அதே தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். தன் பிரிவில் வேலை செய்த தமிழர்களுக்கு மோசமான வேலை நேரங்களையே கொடுப்பார். நத்தார் இரவு, புதுவருட இரவு, சனி இரவு எல்லாம் எங்கள் பெடியளுக்குத்தான். தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அதைத்தான் அவர் நேர்மை என்று நம்பினார்.

“அண்ணைக்கு ஊர்க்காரனாப் பிறந்ததுக்கு எனக்கு நைட் ஷிஃப்ற். சொந்தக்காரனாப் பிறந்திருந்தால் வேலையே போயிருக்கும்,” என்பான் சிறீதரன். எல்லோரும் சிரிப்பார்கள். கதிர்காமநாதனும் சிரிப்பார்.

கழகத்துக்கு வயலோரத்தில் ஒரு பலகைக் குடில் இருந்தது. அதன் உள்சுவர் முழுக்கக் கார்க் கதவுகள். ஒவ்வொரு வருடமும் வென்றவனின் ஓட்டுநர் பக்கத்துக் கதவைக் கழற்றி, நெளிவு நிமிர்த்தாமல், கழுவாமல், அப்படியே கொளுக்கியில் மாட்டுவார்கள். அடுத்த வருடத்துக்கான கொளுக்கியை அப்போதே அடித்தும் விடுவார்கள். கோப்பை ஒன்றும் உண்டு. அதை ஒருவரும் பெரிதாக எண்ணுவதில்லை. கதவுதான் எல்லாம்.

சிறீதரனுக்கு அந்தச் சுவரில் ஆசை.

“இந்த நாட்டில என்ர பேர் எங்க எழுதியிருக்கு, சொல்லுங்கோ பாப்பம்? வீட்டு மணிக்குப் பக்கத்தில மட்டும். வீடு மாறினால் அதையும் கழட்டிப்போடுவாங்கள். அந்தச் சுவரில ஏறினதை இதுவரைக்கும் ஒருத்தரும் கழட்டேல்லை.”

அவன் அதற்குத் தகுதியில்லாதவன் அல்ல. மழையோ வெயிலோ, முதல் மூன்று இடங்களுக்குள் வந்துகொண்டே இருப்பான். இடிக்கமாட்டான். அந்தக் கழகத்தின் சட்டம், தொடலாம் ஆனால் தள்ளக்கூடாது என்பது. பலர் அதைத் தொட்டுத் தொட்டுத் தள்ளலாம் என்று விளங்கிக்கொண்டிருந்தார்கள். சிறீதரன் முன்னால் போகிறவனுக்குப் பின்னால் பொறுமையாக ஒட்டிக்கொண்டு போவான். அவன் ஒரு பிழை விடும்வரை காத்திருந்து, உள்பக்கத்தால் நுழைவான். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருக்காது. ஆனால் வருடக் கணக்கில் அது நின்றது.

அந்த வருடக் கணக்கைத்தான் மாற்றினார்கள். முன்பு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஓடுகிற எல்லா ஓட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி, கூடியவனுக்குக் கதவு. ஹோல்கர் என்கிற கடைக்காரர் தலைவராக வந்ததும், ஆகஸ்டிலேயே வெற்றி தெரிந்துவிடுவதால் கடைசி ஓட்டத்துக்குச் சனம் வருவதில்லை என்றார். இனி முதல் நால்வர் மட்டும் இறுதிக்குப் போவார்கள். அங்கே எல்லோருக்கும் புள்ளி பூச்சியம். அந்த ஒரே ஓட்டத்தில் நால்வருக்குள் முன்னால் வருபவனுக்குக் கதவு. சனம் வந்தது. தொத்திறைச்சி விற்றது. முதல் வருடமே, புள்ளிகளில் எல்லோருக்கும் எட்டாத தூரத்தில் நின்ற சிறீதரனின் எரிபொருள் குழாய் இறுதி ஓட்டத்தில் அறுந்தது. அந்த வருடம் முழுக்க ஒரு ஓட்டத்தைக்கூட வெல்லாத ஒருவனின் கதவு சுவரில் ஏறியது. பிறகொரு வருடம் தொடக்கத்திலேயே ஒருவன் அவனைப் புல்லுக்குள் தள்ளிவிட்டான்.

அன்று காரில் திரும்பி வருகையில் கதிர்காமநாதன் கொதித்தார்.

“வருசம் முழுக்கக் கட்டின வீட்டை ஒருநாள் காத்துக்குக் குடுக்கிற சட்டமடா இது.”

“எல்லாருக்கும் ஒரே காத்துத்தானே, அண்ணை.”

“உனக்கு மட்டும்தானே அங்க கூரை இருந்தது!”

சிறீதரன் சிரித்துக்கொண்டு கியரை மாற்றினான். “அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?”

“நீயும் இடி. ஒரே ஓட்டத்தில எல்லாம் எண்டால் எவன்தான் மரியாதை பாப்பான்? அந்தச் சட்டம்தான் அவங்களை இடிக்கப் பண்ணுது.”

“இடிக்கலாம். பிறகு அந்தக் கதவை ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்க்கவேணுமே. என்ர கண்ணுக்கு அதில இலக்கம் தெரியாது, அந்த இடிதான் தெரியும்.”

பின் இருக்கையிலிருந்து பிரபாலினி சொன்னாள்: “அண்ணை, நீங்கள் லைசென்ஸ் பரீட்சையில நிண்ட மாதிரி இவர் ஓட்டத்தில நிக்கிறார். இரண்டு பேரும் நல்ல சோடி.”

இறுதி ஓட்டத்தில் தள்ளுமுள்ளு கூடிப்போனதால் கழகம் இன்னொரு விதியையும் சேர்த்தது. கடைசிச் சுற்றில் பின்னால் வருபவன் முன்னால் போகிறவனை இடித்துச் சுழற்றினால், இடித்தவனுக்கு நாலாம் இடம். ஒரு விலக்கு உண்டு. அவன் பிரேக் பிடித்தும் நிறுத்த முடியாமல் போனதாக அந்த வளைவில் கொடியோடு நிற்பவர் சொன்னால், முடிவு அப்படியே நிற்கும். வளைவுக்காரரின் சொல்லே கடைசிச் சொல். அவருக்கு நிச்சயமில்லை என்றால் இடித்தவனுக்கு எதிராக.

இந்த விதி வந்த கோடையிலேயே ஒரு சாதாரண ஓட்டத்தில், சின்னத் தகராறு ஒன்றில், கதிர்காமநாதன் சிறீதரனுக்குச் சார்பாகச் சொல்ல நேர்ந்தது. கண்டதைச் சொன்னார். பிறகு தொத்திறைச்சிக் கடை வரிசையில் நின்றபோது முன்னால் யாரோ சொல்லுவது கேட்டது: “அவன் தன் ஆளை விட்டுக்கொடுப்பானா?” இரண்டு பேர் சிரித்தார்கள். சொன்னவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதிர்காமநாதன் வரிசையை விட்டு விலகி நடந்தார். அதன்பின் அந்தக் கடையில் அவர் எதுவும் வாங்கியதில்லை.

போன செப்டம்பரில் இறுதி ஓட்டம். காலையிலிருந்தே மழை. வயல் களியாகிக் கிடந்தது. பிரபாலினி ரப்பர் சப்பாத்தோடு, ரோல்ஸ் தட்டுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டம் தொடங்கும்போது மழை விட்டிருந்தது, ஆனால் சக்கரங்கள் சேற்றைக் கூரை உயரத்துக்கு எறிந்தன. கதிர்காமநாதன் நாலாம் வளைவில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றார்.

கடைசிச் சுற்றில் யென்ஸ் முன்னால். நல்ல பெடியன், தச்சு வேலை செய்பவன். அவனுக்கு ஒரு கார் நீளம் பின்னால் சிறீதரன். நாலாம் வளைவுக்குள் வந்தபோது யென்ஸின் கார் வழுக்கி, வேகம் சட்டென்று விழுந்தது. அந்த நேரம் கதிர்காமநாதனின் கண் இருபத்தேழாம் இலக்கத்தில்தான் இருந்தது. அதன் மூக்கு தாழ்ந்தது. முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகி நின்றன. நின்ற சக்கரங்களோடு கார் ஈரக் களியில் சவர்க்காரக் கட்டிபோல வழுக்கிக்கொண்டு வந்து, யென்ஸின் பின்பக்கத்து மூலையைத் தொட்டது. மெதுவாகத்தான் தொட்டது. யென்ஸ் அரைவட்டமாகச் சுழன்று நின்றான். சிறீதரன் அவனைக் கடந்து கோட்டைத் தாண்டினான். வென்றவர்கள் செய்வதுபோல ஜன்னலால் கையை வெளியே நீட்டவில்லை.

குடிலுக்குள் எல்லோரும் நெருக்கி நின்றார்கள். ஈரத் துணி மணமும் பெற்றோல் மணமும். ஹோல்கர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஹெர் கதிர்காமநாதன், நாலாம் வளைவு. அவர் பிரேக் பிடித்தாரா?” அந்த நீளப் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லப் பழகிய ஒரே ஜெர்மன்காரர் அவர்.

சிறீதரன் ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைச் சுற்றி மட்டும் சேறில்லை. அவன் கதிர்காமநாதனைப் பார்க்கவில்லை. சுவரில் வெறுமையாக இருந்த கொளுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்பதற்குத் தனக்கு ஒன்றுமில்லை என்பது போல, அமைதியாக, கொஞ்சம் சந்தோசமாகக்கூட நின்றான். அண்ணை கண்டார் என்பது அவனுக்குத் தெரியும்.

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் அவரைப் பார்த்தன. அவற்றில் ஒன்று அன்று தொத்திறைச்சி வரிசையில் நின்ற முகம். எது என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாமே அந்த முகமாகத் தெரிந்தது.

“எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை,” என்றார்.

ஹோல்கர் ஒருமுறை தலையாட்டினார். யென்ஸ் வென்றான். கைதட்டினார்கள். சிறீதரனும் ஹெல்மெற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினான்.

திரும்பும் வழியில் மறுபடி மழை பிடித்தது. கண்ணாடித் துடைப்பான் போய்வரும் சத்தம்தான் காருக்குள். பின்னால் பிரபாலினி வெறும் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஹம் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது சிறீதரன் கேட்டான்:

“நாளைக்கு எனக்கு என்ன ஷிஃப்ற், அண்ணை?”

“நைட்.”

“ஓம், தெரியும்.” சிறிய சிரிப்பொன்று. “கேட்டுப் பாத்தனான்.”

நவம்பரில் முதுகு நோகிறது என்றான். இயந்திரத்துக்குக் கீழே குனிந்து நின்ற நோ என்று தைலம் பூசினார்கள். ஸ்கேன் எடுக்கத் தேதி கிடைத்தபோது, கணையத்தில் வந்தது ஈரலுக்கும் போயிருந்தது.

கதிர்காமநாதன் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லோடு போய், அதோடே திரும்பி வருவார். ஒருநாள் சிறீதரனே தொடங்கினான். குரல் மெலிந்திருந்தது.

“அண்ணை, யென்ஸுக்கு அந்த வளைவில என்ன நடந்தது? எனக்கு ஒழுங்காத் தெரியேல்லை.”

“வழுக்கினவன்.”

“ம்ம். நானும்தான்.”

ஜன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. இதுதான் நேரம் என்று கதிர்காமநாதனுக்குத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துக் கிட்டப் போட்டார். அப்போது தாதி மருந்துப் பையை மாற்ற வந்தாள். அவள் போனபோது சிறீதரன் கண்ணை மூடியிருந்தான். நித்திரையா, அல்லது அண்ணையைக் காப்பாற்றினானா என்று கதிர்காமநாதனுக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச்சில் அவன் போய்விட்டான். தகனத்துக்குக் கழகக்காரர்கள் தங்கள் சிவப்பு மேலங்கிகளோடு வந்து, தேவாரம் முடியும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்கள். யென்ஸ் ஏங்கி அழுதான். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை முன்னால் நின்றவரைப் பார்த்து அவனும் செய்தான்.

ஏப்ரலில் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். ஹோல்கர் எழுந்து, சிறீதரனின் கதவைச் சுவரில் மாட்டலாம், நினைவாக, தனியாக ஒரு பக்கத்தில், என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு ஹோல்கர் தயங்கினார். “ஆனால் அவருடைய மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் வேண்டாம் என்கிறார். அந்தச் சுவர் வென்றவர்களுக்கு, இறந்தவர்களுக்கு அல்ல, என்றார். கதவைத் தரமுடிந்தால் தரச் சொன்னார்.”

கூட்டத்தில் ஒரு நாளும் பேசாத கதிர்காமநாதன் எழுந்து நின்றார். பிடித்துக்கொள்ள முன்னால் இருந்த நாற்காலியின் முதுகு உதவியது.

“அவர் வென்றார்,” என்றார். “காரின் மூக்கு தாழ்ந்தது. முன்சக்கரங்கள் இறுகி நின்றன. அவர் பிரேக் பிடித்தார். நான் கண்டேன்.”

ஹோல்கர் மெல்லக் கேட்டார்: “பின் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?”

“நான் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆள் என்பதற்காகச் சொல்லுகிறேன் என்று.”

“இத்தனை வருடத்தில் உங்களுடைய சொல்லை ஒருமுறையாவது நாங்கள் மறுத்திருக்கிறோமா?”

கதிர்காமநாதன் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மழையில்லாத ஞாயிற்றுக்கிழமை, ஒரு வரிசை, இரண்டு பேரின் சிரிப்பு. அவ்வளவுதான் கையில் வந்தது. அதை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் பேசுவது?

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவருக்குக் கேட்டது: “பாவம். செத்த நண்பருக்காகச் சொல்லுகிறார்.” அந்தக் குரலில் கேலி இல்லை. இரக்கம்தான் இருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லா முகங்களிலும் அதே இரக்கம். அவர் பயந்தது இப்போது நடந்துவிட்டது. அவருடைய சொல்லை ஒருவரும் நம்பவில்லை.

முறைப்பாட்டுக்கு ஓட்டம் முடிந்து அரைமணி நேரம்தான், அது தாண்டினால் எதையும் மாற்றமுடியாது என்று ஹோல்கர் விதியைச் சொன்னார். சொல்லும்போது அவர் கதிர்காமநாதனைப் பார்க்கவில்லை.

கொட்டகையில் கதவைக் கழற்றியவன் யென்ஸ். பிணைச்சல் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, இன்னொரு முறை தட்டிக் கழற்றினான்.

“உண்மையாகவா?” என்று கேட்டான், நிமிராமலே.

“உண்மையாக.”

யென்ஸ் ஸ்பானரைத் துடைத்தான். “எனக்கு அது மெதுவாகத்தான் பட்டது. தள்ளுகிறவன் அப்படித் தொடமாட்டான். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.” பிறகு, “நினைக்கிறேன்,” என்று இன்னொருமுறை சொன்னான். காரில் ஹம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றான். கதிர்காமநாதன் மறுத்துவிட்டுக் கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

ஹம்மில் இறங்கி, பேருந்துக்காரர் ஏற்ற மாட்டேன் என்றதால் மிச்சத் தூரத்தையும் நடந்தார். மூன்றாம் மாடியில் பிரபாலினி கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“நடந்தே வந்தனீங்கள்? ஒரு போன் எடுத்திருக்கலாமே, அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

கதவை நடைவழியில் சாய்த்து வைத்துவிட்டு அவர் குசினி மேசையில் இருந்தார். சிறீதரனின் தொழிற்சாலைச் சப்பாத்துகள் வாசலில் அப்படியே இருந்தன. அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“பிரபா, நான் ஒண்டு சொல்லவேணும்.”

“சொல்லுங்கோ.”

“அண்டைக்கு அந்த வளைவில…”

அதற்கு மேல் வரவில்லை. அவள் எதிரே இருந்து, மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

“அண்டிரவு வீட்டை வந்தோண்ண இவர் என்ன சொன்னவர் தெரியுமோ? ‘கதிரண்ணை நிண்ட பக்கம் சரியான புழுதி. பாவம், அவருக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. நீ அவரோடை கோவிக்காதை’ எண்டவர்.”

அவர் தலை குனிந்தார்.

“புழுதியாம்,” என்றாள் பிரபாலினி. “நான் அப்ப குளியலறையில என்ர சப்பாத்துச் சேறைக் கழுவிக்கொண்டிருக்கிறன், அண்ணை. கழுவக் கழுவப் போகுதில்லை. பக்கத்தில நிண்டு அதைப் பாத்துக்கொண்டுதான் மனிசன் சொல்லுறார், புழுதி எண்டு.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம் எண்டனான். வேற என்ன சொல்லுறது? தோத்தது அவருக்குப் பெரிசாத் தெரியேல்லைப் போல. நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு நான் நினைக்கக்கூடாது, அதுதான் அவருக்குப் பெரிசு.” குரல் அங்கே உடைந்தது. எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து, காரணமில்லாமல் ஒரு கோப்பையைக் கழுவினாள். தேநீரில் ஆடை படிந்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாங்கோ. அதை நிமித்தி வைப்பம்.”

நடைவழியில் சப்பாத்து அலுமாரிக்கு மேலே ஒரு இடத்தை அவள் ஏற்கெனவே வெறுமையாக்கி வைத்திருந்தாள். இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் களி உதிர்ந்தது. அவர் தும்புத்தடியைத் தேடினார்.

“விடுங்கோ. அது கிடக்கட்டும்.” அவள் இரண்டு கைகளாலும் கதவைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் அங்கால போய் நிண்டு பாருங்கோ. நேரா நிக்குதோ?”

கதிர்காமநாதன் நடைவழியின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நின்றார். மஞ்சள் இலக்கம், அதற்குக் கீழே அவளுடைய எழுத்து, அதற்குப் பக்கத்தில் அவளுடைய முகம். கண் கலங்கி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“உம்மட பக்கம் கொஞ்சம் பதிவு. ஒரு விரல் அளவு தூக்கும்.”

அவள் தூக்கினாள்.

“இப்ப?”

“இப்ப சரி.”

“நிச்சயமோ, அண்ணை?”

அவர் இலக்கத்தின் மேல்கோட்டையும் அலுமாரியின் விளிம்பையும் இன்னொருமுறை பார்த்தார்.

“நிச்சயம்,” என்றார். “நான் பாத்தனான்.”